அத்தை தேர்ந்தெடுத்த புல்வெட்டி

என் பிரியமான மாமாவுக்கு,

புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தபோதே உங்களுக்கு எழுத நினைத்தேன். சொன்னால் செருப்புகூட மாட்டாமல் எழுந்து வந்துவிடுவீர்கள் என்று தோன்றியது. அதனால்தான் எல்லாம் ஒரு வழிக்கு வந்த பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் போனது கோடையில். தோட்டம் காய்ந்து கிடந்தது, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. தொம்மலூரில் சாயங்காலம் ஆனால் ஊற்றும் மழை உங்களுக்குத் தெரியாததா? கொஞ்ச நாளில் கேட்டிலிருந்து வாசற்படிக்கு வரும் வழியே மறைந்துபோனது. எதிர்வீட்டு சரோஜம்மா தினமும் எட்டிப் பார்த்து, "ஹாவு பருத்தே வித்யா, பாம்பு கீம்பு வந்துடப் போவுது" என்றார்.

உங்கள் பிள்ளை முரளி ஆபீஸ் போன ஒரு நாள், புல் வெட்டும் உங்கள் பெட்ரோல் மெஷினை நானே வெளியே இழுத்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். இரண்டு முறை இருமியது, அவ்வளவுதான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, என்ஜின் போய்விட்டது, இதற்கு இனிமேல் பார்ட்ஸும் வராது என்று சொல்லிவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள், மாமா. நீங்கள் அதை எவ்வளவு துடைத்துத் துடைத்து வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவு சாப்பிடும்போது முரளியிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "புல்லையே எடுத்துடலாம். டைல்ஸ் போட்டா காரை உள்ள நிறுத்தலாம்" என்றார். நீங்கள் போனதிலிருந்து அத்தை எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. குழம்பில் உப்பில்லை என்றால்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை டைல்ஸ்காரர் வந்து டேப்பை நீட்டி அளக்க ஆரம்பித்தார். அத்தை உள்ளேயிருந்து வந்தார். ஈரப் புல்லுக்குள் இறங்கி, டேப்பின் நடுவில் போய் நின்றார்.

"அளக்க வேணாம்பா. காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

"அம்மா, நான்தான் வரச் சொன்னேன்," என்றார் முரளி.

"தெரியும். நாளைக்குக் கடைக்குப் போறோம். எனக்குப் புல்லு வெட்டற மெஷின் வேணும்."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன் தெரியுமா? அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் மூவரும் போனோம். கடைக்காரர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழிலேயே பேசினார். ஆனால் பேச்செல்லாம் முரளியைப் பார்த்துத்தான். தோட்டம் எவ்வளவு பெரிசு, வாசலில் பிளக் இருக்கிறதா, மேடுபள்ளம் உண்டா என்று கேட்டார். முரளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "கார் ரெண்டு நிறுத்தலாம், அவ்வளவுதான் இடம். சமமாத்தான் இருக்கும்."

கடைக்காரர் முதலில் கரண்டில் ஓடுவதைக் காட்டினார். லேசாக இருந்தது. ஆனால் வயரை இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும், வயர் பிளேடில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஈரப் புல்லில் ஓட்டவே கூடாது. நம் ஊர் மழையில் புல் என்றைக்குக் காய்வது? பேட்டரியில் ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. வயரும் இல்லை, கயிறும் இல்லை, பட்டனை அழுத்தினால் போதும். அதையே வாங்கிவிடலாம் என்று அத்தையின் காதில் சொன்னேன். "இரு, எல்லாத்தையும் பாத்துடலாம்" என்றார்.

அதற்குள் கடைப் பையன் ஒருவன் ஒரு பெட்ரோல் மெஷினைக் கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கயிற்றை இழுத்துவிட்டான்.

அதே சத்தம், மாமா. அதே புகை வாசனை.

முரளி சட்டென்று திரும்பிப் பார்த்தார். மெஷினை அல்ல. கடைக்குள், எங்களுக்குப் பின்னால், யாரையோ தேடுவதுபோல் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு பேக்கரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா இருக்காருன்னு நெனச்சு திரும்பிட்டேன், வித்யா," என்றார். "ஒரு செகண்ட் நெஜமாவே நெனச்சேன்."

நீங்கள் போனபோதுகூட அழாத மனிதர், போகிற வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். டைல்ஸ் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாங்கள் திரும்பியபோது பெட்ரோல் மெஷினை அணைத்திருந்தார்கள். மோட்டார் எதுவும் இல்லாத ஒன்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தார். இரண்டு சக்கரம், நடுவில் உருளை மாதிரி பிளேடு. தள்ளினால் பிளேடு சுற்றும், அவ்வளவுதான். "ஸ்வல்ப தள்ளி நோட்தீனி" என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கடைக்காரரிடம் சொல்லி, கடை நீளத்துக்கும் தள்ளிப் பார்த்தார்.

"சின்ன தோட்டத்துக்கு நல்லதும்மா," என்றார் கடைக்காரர். "ஆனா உயரமா வளர விடக் கூடாது. மழைக் காலத்துல வாராவாரம் வெட்டியாகணும். கல்லு, குச்சி இருந்தா மாட்டிக்கும்."

"பேட்டரியிலயே வாங்கிக்கலாமே அத்தை," என்றேன் மறுபடி.

"அதுவும் உறுமுது. எனக்குச் சத்தமே ஆகாது, வித்யா. இதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் ஆகாதாம்! உங்களுக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்து, டாக்டர் சொல்லியும் கேட்காமல் நீங்கள் மறுபடி மெஷினைப் பிடித்தீர்களே, அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தை சமையலறை ஜன்னலைத் திறந்துதான் வைப்பார். புகை வருகிறதே என்று ஒருநாள் நான் மூடப் போனேன். "இருக்கட்டும் வித்யா. சத்தம் நின்னா எனக்குத் தெரியணும்ல?" என்றார். நீங்கள் புல் வெட்டி முடிக்கும்வரை அவர் மிக்ஸிகூடப் போட்டதில்லை. இது உங்களுக்குத் தெரியுமா, மாமா?

வாங்கிய மெஷினை முரளியே தூக்கிக் காரில் வைத்தார்.

முழங்கால் உயரப் புல்லை அது வெட்டாது. தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பெட்ரோல் மெஷினோடு ஓர் ஆளை அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். அத்தை வேண்டாம் என்றுவிட்டார். தொம்மலூரின் பழைய கிராமப் பகுதியில் மாடு வைத்திருக்கும் லட்சுமம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கதிர் அரிவாளோடு வந்து, பாட்டும் பேச்சுமாக அறுத்து, மாட்டுக்குக் கட்டு கட்டாக எடுத்துப் போனார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை தள்ள ஆரம்பித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உங்கள் பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு. முதல் வாரம் கோடெல்லாம் கோணல். சரோஜம்மா மாடியிலிருந்து, "இந்தப் பக்கம் விட்டுட்டீங்க, ஆ பக்கம் விட்டுட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை சிரித்தார். முரளி மட்டும் உள்ளேயே இருந்தார். சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார், ஆனால் பக்கம் திருப்ப மாட்டார்.

போன வாரம் அத்தை பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "கை கடுக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். மீதியை வெட்டலாம் என்று நான் எழுந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். கை கடுக்கிறவர் பிடி மாதிரி இல்லை அது, அவ்வளவு உறுதி.

கொஞ்ச நேரம் கழித்து முரளி பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். அந்த மெஷினுக்கு ஒரு மெல்லிய கிறுகிறு ஒலி உண்டு, கத்தரிக்கோலால் துணி வெட்டுவதுபோல. அது கேட்க ஆரம்பித்தது. நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் பீன்ஸ் நறுக்கினோம்.

முடித்துவிட்டு வந்தார். கணுக்கால்வரை புல் ஒட்டியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அம்மா, அடுத்த வாரத்துக்குள்ள மறுபடி வளந்துடும்ல?" என்றார்.

"வளரும், கண்ணா. மழைக் காலம்ல."

"சரி," என்றார்.

கொய்யா மரத்தடியில் வேர் மேலே ஓடுகிற மூலையில் மட்டும் இந்த மெஷின் போக மாட்டேன் என்கிறது. நேற்று நானே கத்தரியோடு உட்கார்ந்து அங்கே வெட்டினேன். எறும்பு கடித்தது, இடுப்பு வலித்தது. ஆனாலும் எழ மனம் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்தப் புல்லில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த மூலை இனி என் பொறுப்பு, மாமா. நான் விட்டுவிட மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் விரலில் பச்சை போகாத
உங்கள் மருமகள் வித்யா