உள்ளேதான் வேலை

என் அருமை மனைவிக்கு ஸலாம்.

சிங்கப்பூர் மருத்துவப் பள்ளியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்! சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கடையில் உன் வாப்பா, “நெசமாவா மாப்புள?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

என்னைத் தேர்வு செய்த வெள்ளைக்கார டாக்டர், “நாலாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றிருக்கிறாயே?” என்றார்.

“அப்போது ஆங்கிலம் புரியாது, ஐயா. இப்போது நீங்கள் கேட்டது நன்றாகப் புரிகிறது” என்றேன். சிரித்துவிட்டார்.

எதில் ஆர்வம் என்றார். பிரசவம் என்றேன். ஏன் என்று கேட்டார். அதற்கு மட்டும் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

போன வருடம் நீ வலியில் கதறியபோது உன் உம்மா வாசலை மறித்து, “ஆம்பளைக்கு உள்ள என்ன வேலை?” என்றார்கள். இனி எனக்கு உள்ளேதான் வேலை.

அன்று தொட்டிலுக்கு வாங்கி, கட்டாமலே போன சேலை மடிப்புக் கலையாமல் இருக்குமே, யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்
நாலாம் வகுப்பு டாக்டர்