மூன்றடிக் கடலுக்குத் தீட்டில்லை

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

தொட்டியில் மீன் விட்டாயிற்று. இரண்டு கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. நீ கேட்டதுதான். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது, "விஷயத்த மொதல்ல சொல்லு, கதைய அப்புறம் அள" என்பாய். விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இனி கதையைக் கேள். அதில் நான் செய்த ஒரு பெரிய தப்பும் வருகிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடல் ஆசை ஆரம்பித்தது ஒரு பல் டாக்டர் கிளினிக்கில். அங்கே சுவரோரம் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்த நீ, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பல் சரியான பிறகும் மூன்று முறை பல்வலி என்று போய் உட்கார்ந்தாய். கடைசியில் அந்த டாக்டரே, "பல்லு நல்லாத்தான்மா இருக்கு. மீன் பாக்கணும்னா சும்மாவே வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்து, "நம்ம வீட்டுலயும் ஒரு கடல் வைக்கப்போறேன்" என்று அறிவித்தாய்.

அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருப்பவள். நம் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் குரல் அவளுடையது. "வைகையிலயே தண்ணி இல்ல, இவளுக்குக் கடல் கேக்குதாக்கும்" என்றாள். நீ அசரவே இல்லை. "அதான் வீட்டுக்குள்ளயே கொண்டாரேன் மதினி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய்.

நீ வெறுமனே ஆசைப்படுகிறவள் இல்லையே. ஆறு மாதம் படித்தாய், பார்த்தாய், ஒரு பழைய டைரியில் எழுதினாய். கிழக்குச் சுவர் வேண்டாம், பக்கத்து வீட்டில் தறி ஓடினால் அந்தச் சுவர் அதிரும். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் போடணும். கரண்ட் போனால் மோட்டார் நிற்காமல் இருக்க இன்வெர்ட்டரில் தனி லைன் வேண்டும். சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் மேல் ஒரு சின்ன ஃபேன். ராமேஸ்வரத்திலிருந்து பவளப்பாறை கொண்டுவந்து தருவதாக அப்பாவின் நண்பர் சொன்னபோது, "கடல்ல இருந்து பேத்து எடுக்குறது திருட்டு. எனக்கு வேண்டாம்ணே" என்று முகத்துக்கு நேரே சொன்னாய். ஒரு பக்கத்தில் இப்படியும் இருக்கிறது: "நீலக்கலர் மீன் மேல ஆசையாத்தான் இருக்கு. நம்ம தொட்டிக்கு அது பெருசு. பாவம், வேண்டாம்."

பழைய ஊருக்குள் வாஸ்து மீன் விற்கும் ரபீக் பாயை நீதான் கடல் மீன் பக்கம் இழுத்துவிட்டாய். சென்னையிலிருந்து உனக்கென்று கடல் உப்பு மூட்டை வரவழைத்தார். "நம்ம வீட்டுக் கல்லுப்பப் போட்டா ஆகாதா?" என்று அத்தை கேட்டதற்கு, "அது ரசத்துக்கு ஆகும் மதினி" என்றாய்.

மூன்றடித் தொட்டியில் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி, உப்பைக் கரைத்து, கல்லும் மணலும் போட்டாய். உடனே மீன் விட முடியாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தக் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அவைதான் மீனின் கழிவு விஷமாகாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு ஐந்தாறு வாரம் ஆகும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கல்லும் தண்ணீரும். நீ தினமும் காலையில் அதன் முன்னால் நின்று, "ஊறட்டும், ஊறட்டும்" என்று ஊறுகாய் ஜாடியிடம் சொல்வதுபோல் சொல்வாய்.

ஐந்தாவது வாரம், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தாய். ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது.

இனிதான் அந்தத் தப்பு. உன்னைத் தத்தனேரிச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். செத்த வீட்டில் இருந்த தண்ணீர் இருக்கக் கூடாது என்று குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். அத்தை கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்தாள். "இதுலயும் பழந்தண்ணி கெடக்கு. எறச்சு விடு ஆத்தா" என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ட்யூப் போட்டு உறிஞ்சி, கடைசிச் சொட்டுவரை நானே சாக்கடையில் விட்டேன். கல்லையெல்லாம் குழாய்த் தண்ணீரில் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தேன். நீ ஐந்து வாரம் குடிவைத்த உயிர்கள் அத்தனையையும், நீ எரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், நான் கொன்றுகொண்டிருந்தேன்.

திருமங்கலத்தில் லேபில் வேலை பார்க்கிறவள் நான். நுண்ணுயிர் என்றால் என்னவென்று தெரியாதவளா? ஏன் வாயைத் திறக்கவில்லை? அத்தை மேல் பழியைப் போட்டுவிடலாம், சுலபம். ஆனால் ட்யூப் இருந்தது என் கையில். அத்தைக்கு அது பழந்தண்ணீர், எனக்கு அப்படி இல்லையே அம்மா.

பதினாறாம் நாள் முடிந்ததும் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. "முடியாது" என்றேன். "தலைத்திவசம் முடியிற வரைக்கும் வீட்டுல புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாது" என்று அத்தை சொன்னாள். "இது புதுசு இல்ல அத்த. எங்கம்மா ஆரம்பிச்சது" என்றேன். நீ போன மூன்றாம் மாதமே மறுபடி உப்புக் கரைத்தேன். ஆர்.ஓ. கேன்களை நான் தூக்குவதற்கு முன்னால் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார்.

ரபீக் பாய் கடைக்குப் போனபோது என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "அம்மா மவுத்தாயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேம்மா. யா அல்லா, அந்த அம்மா எம்புட்டுக் கேள்வி கேப்பாங்க! பதில் சொல்லத்தான் நானே படிச்சேன்." பிறகு தயங்கி, "தறி ஓடுற வீட்டுக்குப் பக்கத்துல கடல் மீனு கஷ்டம். குளத்து மீனே எடுத்துக்கம்மா" என்றார். "கஷ்டமான மீனே குடுங்க பாய்" என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப நீ அவுங்க மகதான்" என்றார்.

ஆறு வாரம் காத்திருந்தேன். கழிவில் உண்டாகும் விஷமான அம்மோனியா ஏறியது, இறங்கியது, கடைசியில் பூஜ்யத்தில் நின்றது. இடையில் ஒரு சறுக்கல்: ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புத்தண்ணீரையே ஊற்றிவிட்டேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயேதான் இருக்கும் என்பது அளந்து பார்த்தபோதுதான் உறைத்தது. உன் டைரியில் நான்காம் பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாய். யார் ஒழுங்காகப் படித்தார்கள்?

மீன்கள் வந்த அன்று பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு அவற்றை ஒரு சின்ன வாளிக்கு மாற்றி, புதுத் தண்ணீருக்குப் பழகட்டும் என்று டிரிப்ஸ் ட்யூப் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு மணி நேரம். அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் தறி ஓடத் தொடங்கியதும் இரண்டும் கல்லுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. நாலு நாளில் பழகிவிட்டன. இப்போது தறி நின்றால்தான் என்ன ஆயிற்று என்று முழிக்கின்றன.

போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார் அம்மா. நம் வீட்டின் முன்பகுதியில் இருந்தவர், உனக்குத் தெரியாததா. தூக்கத்திலேயே போய்விட்டார். ஆண்கள் தத்தனேரிக்குக் கிளம்பினார்கள். பெண்கள் வாளியை எடுத்தார்கள். ஒரே வாசல், ஒரே வீடு, எனவே நம் பகுதிக்கும் வந்தார்கள். அத்தை நேரே தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எறச்சு விடு."

"மாட்டேன் அத்த."

"சாவு விழுந்த வீட்டுல தண்ணி நிக்கக் கூடாதுடி. தீட்டு."

நான் தொட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். "இது என்ன தண்ணி அத்த? கடல். தீட்டுக் கழிக்க நாம எங்க போறோம்? ராமேஸ்வரம் கடலுக்கு. எங்கம்மா சாம்பல எங்க கரைச்சீங்க? கடல்ல. கடலுக்கே தீட்டுன்னா அப்புறம் அத எங்க போய்க் கழிப்பீங்க?"

பெருக்கிக்கொண்டிருந்த ஒரு சொந்தக்காரம்மா, "உப்புக்கு ஏதுக்கா தீட்டு" என்று விளக்குமாற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார். அத்தை வாளியைத் தரையில் வைத்தாள். "அப்படியே ஒங்கம்மா வாயி" என்றாள்.

"ஆமா" என்றேன்.

நாங்கள் இருவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. பரவாயில்லை. அன்று மதியம் அப்பா ஈர வேட்டியோடு திரும்பி வந்தார். அண்ணனை எரித்துவிட்டு வந்த மனுஷன், வாசலில் நின்றே, "தாயி, தண்ணி இருக்கா?" என்று கேட்டார். "இருக்குப்பா." "சரி, ஃபேனப் போட்டு விடு. வெயில் ஏறிருச்சு" என்றார். அப்போதுதான் அழுதேன். பெரியப்பாவுக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவருக்காகவும்தான்.

நீ ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் போனாய். எனக்கு அதில் கோபம் தீரவில்லை. அத்தையிடம் சண்டை போடலாம், சம்பிரதாயத்தோடு மல்லுக்கு நிற்கலாம், இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? உனக்குத் தெரிந்தால் சொல்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன், அப்பா தலையாட்டினார். இந்த வீட்டில் இனி யார் செத்தாலும் அழுகிறவர்கள் அழட்டும், கழுவுகிறவர்கள் கழுவட்டும், குடத்தையும் அண்டாவையும் கவிழ்க்கட்டும். இந்தத் தொட்டியில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. செத்தது நானாகவே இருந்தாலும், என்னைத் தூக்குவதற்கு முன்னால் மீனுக்குத் தீனி போட்டுவிட்டுத் தூக்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் வாயோடு உன் தொட்டியையும் எடுத்துக்கொண்ட,
உன் ஒரே மகள்
சாந்தி