அந்தச் சின்ன முகடு

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் சோடாபுட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பீர்கள். நான்தான், ஆய்வகத்தில் நீங்கள் நுரை என்று கூப்பிட்டவள். அக்காவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டால் "அது பாட்டுக்கு இருக்கு" என்கிறாள்.

மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். விழாவில் என் முதல் கட்டுரையின் வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரப்போகிறார்களாம். சோப்பு போன்ற மூலக்கூறுகள் தண்ணீரில் உருண்டையாகத் திரளும்போது மருந்தும் உள்ளே போகிறது என்று காந்த ஒத்ததிர்வுக் கருவி காட்டியதே, கோட்டில் எழுந்த அந்தச் சின்ன முகடு. வேலை, ஆய்வகம், மரியாதை எல்லாம் எனக்கு அதிலிருந்து வந்தவை. நாம் இருவரும் சேர்ந்து செய்த வேலை அது. அச்சுக்குப் போகும் முன் "இதுல என் பேர் வேணாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டீர்களே என்று எனக்கு ஆத்திரம். உங்களை முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்து அக்காவுக்குக் காட்டியதே நான். உங்கள் வீட்டுக்கு முப்பத்தொரு வருடமாக நீங்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறேன்.

நேற்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். முகடு நிற்கும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாக அலசாத குழாயில் பாத்திரச் சோப்பும் அங்கேதான் தலைகாட்டும். அன்று அளந்த கண்ணாடிக் குழாயை, வாயை உருக்கி மூடி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மேலே ஒட்டிய சீட்டில் உங்கள் எழுத்து. அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியும்?

அன்புடன்,
நுரை

மார்ச் 9

அன்புள்ள நுரைக்கு,

அக்கா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "சோப்புக்காகவா இத்தனை வருஷம் என்னை நடுவுல நிக்க வெச்சீங்க?" என்றாள். பால் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

குழாயைத் திறக்காதே. மருந்து உருண்டைக்குள் போவதை நீயே பிறகு வேறு வழிகளில் காட்டிவிட்டாய். ஓய்வு பெறுகிற நேரத்தில் எதற்கு வம்பை விலைக்கு வாங்குகிறாய்? சட்டத்தை வாங்கிக் கூடத்தில் மாட்டு.

மூட்டுவலி பரவாயில்லை.

அத்தான்

மார்ச் 16

அன்புள்ள அத்தானுக்கு,

திறந்துவிட்டேன். நீங்கள் சொல்லி நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

புதுக் கருவியில் அளந்தேன். முகடு அங்கேயே நின்றது. பிறகு என் சமையலறைச் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு துளியை அந்தக் குழாய்க்குள் விட்டு மறுபடி அளந்தேன். வேறு பொருளாக இருந்தால் பக்கத்தில் இன்னொரு முகடு முளைத்திருக்கும். முளைக்கவில்லை. அதே முகடு அதே இடத்தில் உயர்ந்தது. சோப்புதான்.

உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, அது துக்கம் இல்லை. முப்பத்தொரு வருடம் அந்தக் குழாய்க்குக் காவல் இருந்திருக்கிறேன். இனி இருக்க வேண்டாம். திருத்தம் போடச் சொல்லி, கட்டுரை வந்த இதழுக்கு எழுதிவிட்டேன். சட்டம் வேண்டாம் என்று ஆய்வக இயக்குநரிடமும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், ஆர்டர் கொடுத்துவிட்டாராம். மத்தியானம் நன்றாகப் பசித்தது.

உங்கள் சந்தேகம் சரி. என்னை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
நுரை

மார்ச் 20

அன்புள்ள நுரைக்கு,

உன் மன்னிப்பை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன்? நான் சந்தேகப்படவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் குழாயைக் கழுவியவன் நான்.

அன்று குழாய் கழுவும் அசிட்டோன் தீர்ந்திருந்தது, ஸ்டோர் பூட்டியிருந்தது. தொட்டியடியில் இருந்த பாத்திரச் சோப்பைப் போட்டு அவசரமாகக் கழுவினேன். "இங்கே சோப்பு தொடக் கூடாது" என்று சுவரில் எழுதி ஒட்டியவனும் நானே. பேராசிரியரிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ அந்த முகட்டைக் காட்டித் துள்ளியபோது உன்னிடமும் வரவில்லை. பேரை எடுத்துவிட்டு ஒதுங்கினால் போதும் என்று பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டேன். அது கோழைத்தனம்.

இன்று அக்காவிடம் சொன்னேன். "அவ கல்யாணத்துல கடைசி வரிசையில போய் உக்காந்தீங்களே, இதுக்கா?" என்றாள். "முதல்ல அவளுக்கு எழுதுங்க, அப்புறம்தான் சோறு."

எழுதிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நெஞ்சு லேசாக இருக்கிறது. நீ பேசாவிட்டாலும் நியாயம்தான்.

அத்தான்

மார்ச் 25

அத்தானுக்கு,

"அன்புள்ள" போட மனம் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே புதுக் குழாயில் அளந்திருப்பேன். அரை நாள் வேலை. அக்காவின் பிரசவத்தில்கூட, நீங்கள் டீ குடிக்கப் போகும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். குழந்தையைக் கடைசியாகத் தூக்கியது நான்தான்.

இரண்டு பக்கம் திட்டி எழுதிக் கிழித்தேன். கிழித்ததும் சிரிப்பு வந்தது. நீங்கள் ஒருநாளும் என்னைப் பொய்க்காரி என்று நினைக்கவில்லை. இத்தனை வருடமும் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

குழாயில் சோப்பு எப்படி வந்தது என்று திருத்தத்தில் சொல்ல வேண்டும் என்கிறது இதழ். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே முதலில் என் பேர், அடுத்து உங்கள் பேர். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டு வாருங்கள். விழா முடிந்ததும் அக்காவோடு என் வீட்டில்தான் சாப்பாடு.

சாப்பிட்ட பாத்திரம் எல்லாம் நீங்கள்தான் கழுவ வேண்டும். ஒழுங்காக அலசுகிறீர்களா என்று நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

அன்புள்ள,
நுரை