உன் கணக்கில் ஏறாதவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன்மேல் எனக்கு அடங்காத கோபம் இருக்கிறது, ஆனாலும் சுகம் விசாரித்துவிட்டுத்தான் சண்டை போட வேண்டும் என்கிறாள் அம்மா, விசாரித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் ரயில்காரர்கள் கூட்டம் போட்டார்கள். காலையும் மாலையும் கூடுதல் வண்டி, தொழிற்பேட்டை வரைக்கும் புதுப் பாதை, இந்த வட்டாரமே வளரப் போகிறது என்று சுவரில் படம் காட்டினார்கள். முதலில் கை தட்டியவன் நான்தான், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த படத்தில் பார்த்தால், வேகம் கூட்டுவதற்காக ஐந்தே முக்கால் வண்டி இனி நம் ஸ்டேஷனில் நிற்காதாம், ஏழு மணிக்கு முன்னால் அங்கே ஏறுகிறவர்கள் பூஜ்யமாம். இருபத்திரண்டு வருஷமாக அந்த வண்டியில் போய் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பாய்லரைப் பற்றவைக்கிறவன் பூஜ்யமா? எழுந்து கேட்டேன். படம் காட்டிய அதிகாரி மரியாதையாகத்தான், ஐயா நாங்க சும்மா சொல்லல, வித்த டிக்கெட்ட வெச்சுத்தான் எண்ணியிருக்கோம் என்றார்.

விற்ற டிக்கெட்டாம்! நம் ஸ்டேஷன் கவுன்ட்டர் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், டிக்கெட் மெஷின் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது, மாதப் பாஸ் கொடுப்பது நமக்கு முந்தி வருகிற ஜங்ஷனில் மட்டும்தான். அதனால் எல்லோரும் ஜங்ஷனிலிருந்து பாஸ் எடுத்துவிட்டு நம் ஸ்டேஷனில் ஏறுகிறோம், இது இங்கே நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். ஏறுவது இங்கே, கணக்கில் ஏறுவது ஜங்ஷனில். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஏதோ விவரம் தெரியாதவர்கள் செய்த வேலை என்று, கூட்டத்தில் கொடுத்த அறிக்கையைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், கணக்கெடுத்துத் தயாரித்தவர் என்று உன் பெயர். பெயருக்கு முன்னால் என் இனிஷியல். என் எழுத்தை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டே என்னைப் பூஜ்யமாக்கியிருக்கிறாய். மகளுக்கு ரயில் திட்ட ஆபீசில் வேலை என்று ஊரெல்லாம் பெருமையடித்த வாய் இது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் அந்த வண்டியில்தான் யூனிஃபார்ம் ஃபேக்டரிக்குப் போகிறாள், அவளும் உன் பெயரைப் பார்த்தாள். புள்ளைக்கு மறந்திருக்கும், விடுங்கண்ணே என்றாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அடுத்த வண்டி ஏழரைக்கு. அதுவரைக்கும் பாய்லர் காத்திருக்காது, ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போயாக வேண்டும். வேற ஆள் பாக்கட்டுமா என்று சூப்பர்வைசர் இப்போதே கேட்டுவிட்டார். ஐம்பத்தாறு வயதில் எனக்கு யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்? எங்கிட்ட வந்து இருங்க என்று எழுதிவிடாதே, அதற்காக நான் இதை எழுதவில்லை. ரயில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பத்து வண்டி வரட்டும், ஊர் வளரட்டும், எங்களைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு எது வளரும் என்றுதான் கேட்கிறேன். திங்கட்கிழமை அம்மா பொத்தான் டப்பாவோடு பிளாட்பாரத்துக்கு வந்தாள், ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தானை எடுத்துத் தனியே போட்டாள், வீட்டில் வந்து எண்ணினால் அறுபத்தொன்று. கம்ப்யூட்டர் இல்லாமலே எண்ணிவிட்டாள், உன்னிடம் சொல்லச் சொன்னாள். நாற்காலியிலேயே கிடக்காதே, முதுகு வலி வரும், எழுந்து நட, முடிந்தால் இங்கே வரைக்கும் நட.

ஆட்சேபம் சொல்ல இருபதாம் தேதி கடைசி, மறந்துவிடாதே. இதோடு உன் பழைய காலேஜ் பாஸை வைத்திருக்கிறேன், இரட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டிருக்கிறாயே, அதுதான். அதில் எந்த ஸ்டேஷன் அச்சாகியிருக்கிறது என்று பார். மூன்று வருஷம் நீ எங்கே ஏறினாய், மழையில் யார் குடை பிடித்தது என்றும் நினைத்துப் பார். உன் கணக்குப்படி நீயும் அந்த வண்டியில் ஏறவே இல்லை பாப்பா. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, கோபத்திலும் அதைத்தான் சொல்ல வருகிறது.

இப்படிக்கு,
உன் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து,
அப்பா