ரதம் திரும்பும் முனை

12 செப்டம்பர் 1996, வியாழன்

இன்னும் காது சுடுகிறது. கிள்ளானில் எங்கள் கோயில் பக்கத்து முனைக்குப் புதுச் சாலை வரைகிறோம். வண்டியின் நீள அகலத்தைக் கொடுத்தால் அது எப்படித் திரும்பும் என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். லோரி திரும்பியது. பஸ்ஸும் திரும்பியது. தைப்பூச ரதத்தின் அளவையும் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை நானே டேப் பிடித்து அளந்தது. பின் சக்கரம் சாலையின் நடுத் திட்டில் ஏறிவிட்டது.

இன்று அலுவலகக் கூட்டத்தில் அதைச் சொன்னதும் மேலாளர் சேகரன் சிரித்தார்.

"வருஷா வருஷம் அந்த முனையில திரும்புற ரதம்மா அது. உன் கம்ப்யூட்டர கேட்டா திரும்புது? போய் வேற வேலயப் பாரு லா."

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சாலை வரைபடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். இத்தனை வருடமும் அங்கே நடுத் திட்டு கிடையாது. இப்போது வைப்பதே அவர்தான்.

அவர்தான் கோயில் தலைவரும். பட்டு வேட்டியும் மாலையுமாக ரதத்துக்கு முன்னால் நடப்பார்.

நாளை தனியாகப் போய்ச் சொன்னால் ஒருவேளை கேட்பார். சொல்லமாட்டேன். ரதம் அங்கே மாட்டிக்கொள்ள வேண்டும். ஊரே பார்க்க, அந்த மாலையோடு அவர் வியர்த்து வழிய வேண்டும். நான் முன்வரிசையில் நிற்பேன். பின்னால் அம்மா பால்குடத்தோடு வருவாள், அது ஒன்றுதான்...

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்.

"புது ரோடு போட்டாலும் ரதம் அந்த முனைக்கு வரும்ல?"

"வரும்மா" என்றேன்.

திரும்புமா என்று அவள் கேட்கவில்லை.