லென்ஸ் அனுப்ப வேண்டாம்

திருகோணமலை
17.08.1986

அன்புள்ள ஞானசேகரம்,

உன் கடிதம் ஐந்து கிழமை கழித்து, யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டினபடி வந்தது. நீ சுகமாயிருப்பது ஆறுதல். இதைத் தபாலில் போடாமல், கொழும்புக்குப் போகிற தாஹிர் நானாவின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சுவிஸ் மலையில் காட்டாடு படம் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். முந்நூறு மில்லிமீற்றர் போதும். அதற்கு மேலே போனால் நீ மூச்சு விட்டாலே படம் ஆடும். மிஞ்சிற காசுக்குப் பாரமான ஸ்டாண்ட் ஒன்று வாங்கு. மலைக்காற்றுக்கு இலேசானது நில்லாது. பனி வெளிச்சத்தில் கமராவின் வெளிச்ச மீற்றர் ஏமாறும், ஒரு ஸ்டொப் கூட்டிக் கொடு. பற்றரியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திரு.

எனக்கும் ஒரு நானூறு மில்லிமீற்றர் லென்ஸ் அனுப்பவோ என்று கேட்டாய். வேண்டாம். ஏன் என்று எழுதப்போய்த்தான் இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்தேன்.

உன் தம்பி சின்னராசாவை இராணுவம் சுற்றிவளைப்பில் கொண்டுபோனது மாசியில். வைகாசியில் ஒரு கந்தோர்க் கலண்டருக்குக் கரடிப் படம் கேட்டார்கள், காட்டுக்குள் போக இராணுவத்திடம் பாஸும் எடுத்துத் தந்தார்கள். கன்னியாவுக்கு அப்பால் உள்ள பாறைமலையில் விடியப் போய்ப் பதுங்கியிருந்தேன். ஏழு மணிபோல கரடி வந்து புற்றைக் கிண்டியது. அப்போது என்னிடம் இருந்த நானூறு லென்ஸைத் திருகித் தெளிவாக்கினேன். கரடிக்கு ஒரு முழம் தள்ளிச் சின்னராசா குந்தியிருந்தான், இடது கையைப் பிடரியில் வைத்தபடி. கரடி கிண்டிய மண் அவன் காலில் விழுந்தது. கரடி அவனைப் பார்க்கவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலையை நிமிர்த்தி வெறுங்கண்ணால் பார்த்தேன். பாறையும் கரடியும் மட்டும். திரும்ப லென்ஸுக்குள் பார்த்தேன், இருந்தான். விரல் தன்பாட்டில் பொத்தானை அமத்திவிட்டது. சத்தத்துக்குக் கரடி ஓடிவிட்டது. அதற்குப் பிறகு பார்க்க எனக்குத் துணிவில்லை.

படத்தில் கரடி மயிர் மயிராய்த் தெரிகிறது. பக்கத்தில் சாரம் கட்டிய ஒரு உருவம். முகம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. அது கயிற்றில் காயும்போதே உன் அம்மா என் ஸ்டூடியோவுக்குள் வந்துவிட்டா. இராணுவ முகாம்களில் காட்டி விசாரிக்கத் தம்பியின் படம் இன்னும் பத்து வேண்டுமாம். கரடிப் படத்தைக் கண்டா. அழவில்லை. ஓம், அவன்தான், மெலிந்துபோனான் என்று மட்டும் சொன்னா.

அன்றோடு முகாம்களுக்குப் போகிறதை விட்டுவிட்டா. கிழமைக்கு ஒரு தரம் அந்த மலைக்குச் சோற்றுப் பார்சலோடு போறா. முள் கீறின காலோடு, வெறும் வாழையிலையைக் கையில் பிடித்தபடி வாறா. பிள்ளையைக் கண்ணால் பார்க்க ஏலாமல் இருக்கு, லென்ஸைத் தா என்று கேட்டா. விற்றுப்போட்டேன் என்று சொல்லிவிட்டு, அன்றே கண்டிக்காரர் ஒருவருக்கு உண்மையாகவே விற்றேன். ஆனால் உன் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினது நான்தான். லென்ஸ் அனுப்பவோ என்ற அந்த ஒரு வரியை விட்டு வாசிக்க எனக்குப் புத்தி வரவில்லை. இப்ப தினமும் தபாற்கந்தோர் வாசலில் நிற்கிறா.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். லென்ஸ் அகப்படவில்லை என்று அவவுக்கு உன் கையால் எழுது. சின்னராசா ஏதோ ஒரு முகாமில் இருப்பான், அவனுடைய பழைய படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ என்றும் எழுது. நான் சொன்னால் நம்பமாட்டா. நான் அவனைக் கண்டவன்.

கோணேசர் உன்னைக் காக்கட்டும்.

உன் நண்பன்,
பாக்கியரத்தினம்