அப்பாவின் பெயரில் ஒரு வழக்கு

பிளேஸ்டோ, லண்டன்
ஒக்ரோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி யனுஷனுக்கு,

அக்கா துசியந்தி எழுதுவது. இங்கே அப்பா, அத்தான், தக்ஷிகா எல்லோரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு ஆவல் இல்லை, இரண்டு வருடக் கோபம்தான் இருக்கிறது. கோபத்தை முதலில் எழுதினால் மாமா கடிதத்தை மடித்து வைத்துவிடுவார் என்று உன் மருமகள் தக்ஷிகா சொல்கிறாள். ஆகவே அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருக்கிறேன். அதற்குள் ஆறினாலும் ஆறிவிடும்.

இந்த முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் வழக்குப் பதிவில் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைக்காதே, ராசா. மிச்சத்தையும் வாசி.

நீ போன் எடுக்காமல் விட்ட முதல் மாதங்களில் நாங்கள் பெரிதாக யோசிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதைக்காமல் இருக்கிற ஆள்தானே நீ. பிறகு உன் பிறந்த நாளுக்குப் போன் எடுத்தேன், அம்மாவின் திவசத்துக்கு எடுத்தேன், அந்த நம்பர் பாவனையில் இல்லை என்றது. கடிதம் போட்டேன், திரும்பி வந்தது. அமெரிக்காவுக்குக் கிரீன் கார்ட் சீட்டு விழுந்ததென்று துள்ளிக்கொண்டு போனவனை, சோளத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெற்றோல் ஸ்டேசனில் வேலைக்கு விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் இருப்பது எப்படி என்று உனக்கு விளங்காது. உனக்கு ஒரு தம்பி இல்லை.

ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்தேன், இல்லை என்றார்கள். கடைசியில் நீ வேலை செய்த பெற்றோல் ஸ்டேசனுக்கு எடுத்தேன். அங்கே ஒருவர், அவன் இப்போது இங்கே இல்லை, வேண்டுமானால் கோட்டில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோட், நீதிமன்றம் என்றதும் நான் பயந்தது உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்தில் மனதுக்குள் ஒரு ஆறுதலும் வந்தது. கோட்டுக்குப் போனவனுக்கு உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

உங்கள் மாநிலத்து வழக்குகளை எல்லாம் இணையத்தில் தேடலாம் என்று தக்ஷிகா கண்டுபிடித்தாள். தேடினால், மாவட்டம் மாதிரியான எல்லாக் கவுண்டியும் இருக்கிறது, உன்னுடைய கவுண்டி மட்டும் இல்லை. அந்தச் சின்ன இடத்துக்கு நேரே வந்து கேட்க வேண்டும் அல்லது போன் எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் பின்னேரம் அவர்களுக்குக் காலை. வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எடுத்தேன்.

கோட் அலுவலகத்தில் டார்லீன் என்று ஒரு பெண் எடுத்தாள். குற்ற வழக்குப் பதிவுகள் பொதுவானவை, யார் கேட்டாலும் பார்த்துச் சொல்வேன், ஆனால் குடும்பப் பெயர் வேண்டும், குடும்பப் பெயரில்தான் அடுக்கி வைத்திருக்கிறோம் என்றாள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரும் இல்லை என்றாள். அடுத்த கிழமை திரும்ப எடுத்தேன். அதே கேள்வி, அதே பதில். டொக்டரின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டு நான் எத்தனை சனத்துக்கு இல்லை, தெரியாது, நாளைக்கு எடுங்கோ என்று சொல்லியிருப்பேன். சொன்னதெல்லாம் வட்டியோடு எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் அந்த வேலை எனக்கு ஒன்று படிப்பித்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் எடுத்தால் ஒருவரும் மனுசராகக் கதைக்க மாட்டார்கள். மூன்றாம் முறை வெள்ளிக்கிழமை, அவர்களின் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தேன்.

அன்றைக்குத்தான் அவள் ஆறுதலாகக் கேட்டாள், உங்கள் ஆட்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் எங்கள் பெயரைப் பின்னுக்கும் எழுதுகிற ஆட்கள். லண்டனுக்கு வந்த பிறகு குடும்பப் பெயர் என்று கேட்டால் அப்பாவின் பெயரைச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. உன் பாஸ்போர்ட்டில் மட்டும் ஊர் முறைப்படியே தில்லையம்பலம் யனுஷன் என்று கிடந்தது. மாற்று மாற்று என்று அத்தான் எத்தனை தரம் சொன்னார், நீ கேட்டாயா. அமெரிக்காக்காரர் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயராக எடுத்து, முன்னால் இருந்த அப்பாவின் பெயரை உனக்கு வைத்துவிட்டார்கள். நான் பெயர்களை மாற்றிச் சொன்னேன். அவள் தேடக்கூட இல்லை. ஓ, நீங்கள் தில்லையின் அக்காவா என்று கேட்டாள்.

தம்பி, அந்த ஊரில் எல்லோரும் உன்னைத் தில்லை என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நீ பெற்றோல் ஸ்டேசனில் இருந்த காலத்தில் டார்லீன் ஒவ்வொரு காலையும் உன்னிடம்தான் கோப்பி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவாளாம்.  

பதிவில் என்ன இருக்கிறதோ அதை வாசித்துச் சொன்னாள். நீ குடித்துவிட்டு வாகனம் ஓட்டியது, வீதியோரத்தில் ரயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரை இடித்தது, அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. நீயே அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, பொலிஸ் வரும்வரை அவருக்குப் பக்கத்தில் இருந்தாயாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறையில் மறியல் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டாய் என்றும், கண்காணிப்புக் காலம் இன்னும் முடியவில்லை, மாநிலத்தை விட்டு வெளியே போக ஏலாது, வாகனம் ஓட்ட ஏலாது என்றும் சொன்னாள். நீ செய்தது பிழை. அதை நான் மழுப்ப மாட்டேன். அந்த மனிதருக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

பிறகு அவள் பதிவில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். வழக்கு நடந்த அன்று அவளும் அந்த அறையில் இருந்தாளாம். ஊராரைப் போலவே நீதவானும் உன்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டபோது நீ எழுந்து நின்று, ஐயா, அது என் தகப்பனின் பெயர், அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை, தயவுசெய்து என்னை யனுஷன் என்று கூப்பிடுங்கள் என்று கேட்டாயாம். நீதவானுக்கு வாயில் வரவில்லையாம், இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசிவரை அப்படியே கூப்பிட்டாராம். குடும்பத்தில் யாருக்காவது அறிவிக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, ஒருவருக்கும் வேண்டாம் என்றாயாம்.

இரண்டு வருடமாக நீ ஏன் கதைக்கவில்லை என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கக்கூடிய பதிவு அது. இதுவரை கேட்டவள் நான் ஒருத்திதான் என்றாள் டார்லீன். பிரதியைத் தபாலில் அனுப்பி வைத்தாள்.

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் உன்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்தி ஒரு வருடம் இருக்கும். கோயிலில் யாராவது விசாரித்தால், அவன் அங்க வேலையில பிஸி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் தபாலை முதலில் எடுக்கிறவர் அவர்தானே. அமெரிக்க முத்திரையைக் கண்டதும் உன்னுடைய கடிதம் என்று நினைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து மேசையில் இருந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க ஏலவில்லை.

தமிழாக்கி வாசித்தேன். மேலே வழக்கின் பெயர் இருந்தது, இன்ன மாநிலம், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இன்னார் என்று. அந்த வரியைத் தாண்டிப் போனேன். பேரையும் வாசி பிள்ளை என்றார். வாசித்தேன். தன் பெயர் எதிரியின் இடத்தில் இருப்பதைக் கேட்டார். அவர் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உனக்குத் தெரியும்தானே, பார்க்கிங் அபராதம் வந்தாலே வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கிற மனிதர். அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று, நீ நீதவானிடம் கேட்டதைச் சொன்னேன். அப்பாவின் பெயரை எவ்வளவு கவனமாகக் காப்பாற்றியிருக்கிறான் பாருங்கோ என்றேன்.

அதற்குத்தான் அவர் அழுதார், தம்பி. அம்மாவின் செத்த வீட்டிலும் அழாதவர். எங்கட ஆள் ஒருத்தரும் அங்க நிக்கேல்லை, என்ர பேராவது அவனோட நிண்டிருக்கும், அதையும் வெளியில அனுப்பிப்போட்டுத் தனிய நிண்டிருக்கிறானே என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் தக்ஷிகாவைக் கூப்பிட்டு அமெரிக்க அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை புறப்படுகிறார். விமான விபரம் எல்லாம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நானும் வருகிறேன் என்று எவ்வளவோ மன்றாடினேன். நான் வந்தால் அழுவேனாம், உன்னையும் அழப் பண்ணுவேனாம். எழுபத்தெட்டு வயதில் இரண்டு விமானம் மாறித் தனியே போகப் போகிறாராம். முழங்கால் நோவுக்கு எண்ணெய் கட்டி விடுகிறேன், நீதான் தேய்த்துவிட வேண்டும். இரத்த அழுத்தக் குளிசையைக் காலையில் மறக்காமல் கொடு. உப்பைக் குறை. குளிருக்குத் தொப்பி போடமாட்டேன் என்று அடம்பிடிப்பார், விடாதே. உனக்கு மிளகாய்த் தூளும் பருத்தித்துறை வடையும் வருகிறது. தூள் ஒரு பிடி குறைந்தாலும் வழியில் சுங்கத்தில் பறித்தார்கள் என்று நினைத்துக்கொள்.

கோபத்தை எழுத வேண்டிய இடம் வந்துவிட்டது. தேடிப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்றே ஒன்றுதான். நல்லது நடந்தால் மட்டும் சொல்வதற்கு அக்கா எதற்கு. அந்தச் சிறையில் உனக்கு ஒரு கடிதம் போட, ஒரு சோடி காலுறை அனுப்ப எனக்கு உரிமை இருந்தது. அதைத் தராமல் விட்டாய். அதை மட்டும் மன்னிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும்.

குடிக்காதே, ராசா. நேரத்துக்குச் சாப்பிடு. அந்த அம்மாளாச்சி உனக்குத் துணையாக இருப்பாள். என்னுடைய நம்பர் மாறவில்லை. வேலை நேரத்தில் எடுத்தாலும் பரவாயில்லை, மேசைக்கு முன்னால் நிற்கிற சனம் காத்திருக்கட்டும்.

மாறாத அன்புடன் அக்கா,
துசியந்தி

கீழே அப்பா தன் கையால் எழுதுகிறார். நான் பார்க்கக் கூடாதாம்.

மகன் யனுஷனுக்கு,

அக்கா எல்லாம் எழுதியிருப்பாள். நான் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ இடித்த மனிதரைப் போய்ப் பார்த்தாயா என்று அந்தக் கடதாசியில் இல்லை. பார்க்கவில்லை என்றால் நான் வந்ததும் இரண்டு பேருமாகப் போவோம். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கோட்டில் வேலை செய்கிற அந்தப் பிள்ளையிடம் கேட்டு வை. அவர் திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்போம். எனக்கு இங்கிலீஸ் போதாது, நீதான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.

என் பெயரை நான் உனக்குத் தந்தது நல்ல நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள அல்ல. இனி எங்கே கூப்பிட்டாலும் இரண்டு பெயருக்கும் சேர்த்து எழும்பி நில்.

உனக்கு வாகனம் ஓட்டத் தடை என்று தெரியும். விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் வா. பிந்தினாலும் பரவாயில்லை, இருக்கிறேன். எனக்கு அந்த நாட்டில் உன்னைத் தவிர ஒருவரையும் தெரியாது.

உன் பெயருக்கு முன்னால் நிற்கும் அப்பா,
தில்லையம்பலம்